மாநாட்டுக்குப் போக மாணவருக்கு எந்த உதவி கைகொடுக்கும்?

ஆய்வுக் கட்டுரை மாநாட்டுக்குத் தேர்வாகிவிட்டது என்று மின்னஞ்சல் வரும். அந்த மகிழ்ச்சி அரை நாள்கூடத் தாங்காது. பதிவுக் கட்டணம், விமான டிக்கெட், விசா, தங்குமிடம் என்று கணக்குப் போட உட்கார வேண்டும். டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் கூடும் ஐ.இ.டி.எம். என்ற சர்வதேச எலெக்ட்ரான் சாதன மாநாடு, கியோட்டோவிலும் ஹொனலுலுவிலும் மாறி மாறி நடக்கும், சிப் தொழில்நுட்பத்துக்கான வி.எல்.எஸ்.ஐ. கருத்தரங்கு என்று எலெக்ட்ரானிக் சாதனத் துறையின் பெரிய மேடைகள் பலருக்கும் கடல் தாண்டித்தான் இருக்கின்றன.

தொகையை மட்டும் பார்த்தால் பயண உதவிதான் முதலிடம். ஆனால் பல இடங்களில் அது போய்வந்த பிறகு ரசீது காட்டி வாங்கும் பணம். கையில் கடன் அட்டையோ, நெறியாளரிடம் திட்ட நிதியோ இருப்பவருக்கு அது சரி. இரண்டும் இல்லாதவர் விண்ணப்பிக்கவே தயங்குவார். யாருக்காக அந்த நிதி ஒதுக்கப்பட்டதோ, அவரே வெளியே நிற்கிறார். பாதித் தொகையானாலும் பரவாயில்லை, டிக்கெட்டை அமைப்பாளரே எடுத்துக் கொடுத்தால் அதுவே பெரிய உதவி என்பேன்.

கட்டண விலக்கு சிறிய தொகைதான். ஆனால் மாணவர் கையிலிருந்து காசு போகாது, ரசீது வேட்டையும் இல்லை. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: சில மாநாடுகளில் ஒவ்வொரு கட்டுரைக்கும் ஆசிரியர் ஒருவராவது முழுக் கட்டணம் கட்டியாக வேண்டும், மாணவர் கட்டணம் செல்லாது. அங்கே மாணவர் கட்டணத்தை மட்டும் தள்ளுபடி செய்வது பேருக்குத்தான் சலுகை.

தன்னார்வலராக வேலை பார்த்துக் கட்டணத்தைக் கழிப்பது பக்கத்து ஊர்க்காரருக்குப் பொருந்தும். நினைவகச் சாதனங்களில் ஆய்வு செய்பவர், அந்த அமர்வு நடக்கும் நேரத்தில் பவர் டிரான்சிஸ்டர் அரங்கில் மைக் நீட்டிக்கொண்டிருக்கவும் நேரலாம்.

சிறந்த மாணவர் கட்டுரைப் பரிசை நான் இந்தக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அது எப்படியோ வந்து சேர்ந்தவருக்குக் கிடைப்பது.

இணையவழிப் பங்கேற்பு மலிவு. 2020-ல் ஐ.இ.டி.எம். முழுக்க இணையத்தில்தான் நடந்தது. உரைகளைக் கேட்க அது போதும், புரியாத இடத்தில் நிறுத்தி மறுபடி பார்க்கலாம் என்பதால் ஒருவகையில் நேரில் கேட்பதைவிட மேல். ஆனால் நம் ஆய்வை விளக்கும் போஸ்டர் முன் ஒருவர் நின்று, “தொடுமின்தடையை எப்படி அளந்தீர்கள்? மின்முனைகளுக்கு நடுவே எத்தனை இடைவெளிகள் வைத்தீர்கள்?” என்று அளவீட்டு முறையையே துருவுவாரே, அந்தக் கேள்வி அரட்டைப் பெட்டிக்கு வருவது அபூர்வம். ஆய்வேட்டின் ஓர் அத்தியாயமே அதனால் திருந்தலாம்.

நிதி குறைவென்றால் பத்துப் பேருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்த்துக் கொடுக்காமல், முதல்முறை கட்டுரை வாசிக்கும் மூவருக்கு முழுச் செலவையும் முன்கூட்டியே ஏற்கலாம். தேர்வுக் கடிதத்தோடு அந்த முடிவும், விசாவுக்கான அழைப்புக் கடிதமும் ஒரே நாளில் போக வேண்டும். ஆறு வாரம் கழித்துச் சொன்னால் டிக்கெட் விலை ஏறியிருக்கும். விசா நேர்காணலுக்குத் தேதியும் கிடைக்காது.