சி60 அளக்க வாங்கின குட்டி பொட்டன்ஷியோஸ்டாட் எப்படி இருக்கு?

டொலுயீன்ல கரைஞ்ச சி60, அதாவது அறுபது கார்பன் அணு பந்து மாதிரி சேந்த ஃபுல்லெரீன், எவ்வளவு இருக்குன்னு பாக்கத்தான் இந்த யூஎஸ்பி பொட்டன்ஷியோஸ்டாட்ட (வோல்டேஜ மாத்திக்கிட்டே கரன்ட்ட அளக்கற மெஷின்) வாங்கினோம், கம்பெனி பேரு வேணாம். யூவி விசிபிள்ல (ஒளிய எவ்வளவு உறிஞ்சுதுன்னு பாக்கற மெஷின்) போட்டா முடிஞ்சுதேம்பீங்க, சுத்தமான சாம்பிளுக்கு சரி, எங்களுக்கு வர்றதுல வேற கலர் பொருளும் கலந்திருக்கும், சி60 ஓட 335 நானோமீட்டர் பீக் அதுல முங்கிடுது.

மெஷின் அளக்குறத ஒழுங்கா அளக்குது, அத சொல்லிடணும். வெறும் டொலுயீன்ல உப்பு சரியா கரையாது, கரன்ட்டும் ஓடாது, அதனால டொலுயீன் நாலு பங்கு, அசிட்டோநைட்ரைல் ஒரு பங்கு, கூட 0.1 மோலார் டெட்ராபியூட்டைல் அமோனியம் உப்பு. அசிட்டோநைட்ரைல ரொம்ப ஏத்திட்டா சி60 திரள ஆரம்பிச்சு ஊதா போயி பழுப்பாயிடும், அப்புறம் வர்ற நம்பர நம்பாதீங்க. கிளாஸி கார்பன் எலக்ட்ரோட அலுமினால நல்லா தேய்ச்சு வோல்டேஜ ஸ்வீப் விட்டா ஃபெரோசீன அளவுகோலா வச்சு பாக்கறப்போ மைனஸ் 0.98 வோல்ட் கிட்ட முதல் அலை (சி60 ஒரு எலக்ட்ரான் வாங்கறப்போ கரன்ட் ஏறுறது), அதுல இருந்து 0.4 வோல்ட் தள்ளி அடுத்தது, ரெண்டும் போகவும் வரவும் பளிச்சுன்னு தெரியுது. ஒவ்வொண்ணா ஆறு எலக்ட்ரான் வாங்கற ஆறு அலையும் பாக்கணும்னா மைனஸ் 10 டிகிரிக்கு குளிர வைக்கணும், 1992லயே அப்படித்தான் காட்டினாங்க, அளவு எடுக்க முதல் அலையே தாராளம். டிஃபரென்ஷியல் பல்ஸ் மோடு (வோல்டேஜ சின்னச் சின்ன துடிப்பா குடுத்து அளக்கறது) தான் இதுல உருப்படி, கம்மியா கரைஞ்சிருந்தாலும் பீக் தனியா நிக்குது.

கடுப்பு எங்கன்னா கூட குடுத்த செல் மூடி. ஓட்டை லூசு, காத்து உள்ள போகுது, ஆக்சிஜனோட அலை சி60 ஓட ரெண்டு அலைக்கும் நடுவுல வந்து குந்திக்கும். சப்போர்ட்ல கேட்டா ஆக்சிஜன விரட்ட ஆர்கான இன்னும் அதிக நேரம் விடுங்கங்கறாங்க, விட்டா சால்வென்ட் ஆவியாகி கான்சென்ட்ரேஷன் ஏறுதே சார், அத யாரு பாக்கறது? கடைசியில ரப்பர் செப்டம் மாட்டி, ஆர்கான அதே சால்வென்ட் கலவை இருக்கற பாட்டில் வழியா விட்டு ஓட்டறோம், இப்போ ரீடிங் நிக்குது.

ஐஆர் காம்பென்சேஷனும் (கரைசலோட தடையால வர்ற வோல்டேஜ் இழப்ப சரிக்கட்டறது) பேருக்குத்தான், வேகமா ஸ்கேன் பண்ணா போற பீக்கும் வர்ற பீக்கும் விலகி விலகி போகுது, மெதுவா ஓட்டுங்க. அப்புறம் விளம்பரத்துல ஃபுல்லெரீன் வகைய பிரிச்சு சொல்லும்னு போட்டிருக்காங்க பாருங்க, சும்மா. எழுபது கார்பன் இருக்கற சி70 ஓட முதல் அலையும் கிட்டத்தட்ட அதே இடத்துலதான் வரும், கலந்த சாம்பிள்னா ரெண்டும் சேந்த அளவுதான் கிடைக்கும், பிரிக்கணும்னா எச்பிஎல்சி (கலவைய தனித்தனியா பிரிக்கற மெஷின்) கிட்டதான் போகணும்.