வன்னியின் கிரவலுக்கும் களிக்கும் எந்த ரயர்? மூன்று வகைகளையும் தேயும்வரை ஓட்டிய அனுபவம்

ஒட்டுசுட்டானைச் சுற்றியுள்ள கிராமங்களிலும் முத்தையன்கட்டுக் குளத்தின் இடதுகரை, வலதுகரைக் குடியேற்றத் திட்டங்களிலும் காலையில் பால் எடுத்து மாங்குளத்தில் கொண்டுசேர்ப்பதுதான் எனது டபுள் கப் வாகனத்தின் பல வருட வேலை. தேவைப்படும்போது நான்கு சில்லுகளுக்கும் இழுவை கொடுக்கக்கூடிய டீசல் வாகனம் அது. பின்பெட்டி நிறையப் பால் கான்களை ஏற்றிக்கொண்டு, ஒரே காலையில் ஏ34 வீதியின் தாரிலும், கிரவலிலும், வாய்க்கால் ஓரக் களியிலும், காட்டோர மண் தடத்திலும் மாறி மாறி ஓடுகிறது. மழை விட்டபின் வருகிறேன் என்று சொல்ல முடியாத வேலை இது. அதனால் நெடுஞ்சாலை ரயர், சேற்று ரயர், எல்லாத் தரைக்கும் உரிய ரயர் என்ற மூன்று வகைகளையும் தேய்ந்து முடியும்வரை ஓட்டிப் பார்க்க வேண்டியதாயிற்று. கடையில் இவற்றை முறையே எச்.ரி, எம்.ரி, ஏ.ரி என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வன்னியில் ரயர் வாங்குவோர் பெரும்பாலும் கார்த்திகை மழையில் எங்காவது புதைந்தபின், அந்த ஆத்திரத்தோடு கடைக்குப் போகிறார்கள். ஆதலால் தரையைத் தொடும் பரப்பில் துருத்திநிற்கும் றப்பர்க் கட்டைகள் எவ்வளவு பெரியவை என்று மட்டுமே பார்க்கிறார்கள். வடகீழ்ப் பருவமழை ஐப்பசியில் தொடங்கித் தையோடு ஓய்ந்துவிடும். எஞ்சிய மாதங்களில் அதே ரயர் காய்ந்த கிரவலிலும் சுடு தாரிலும் ஓட வேண்டும். நான் கழற்றி எறிந்த ரயர்களில் சேற்றால் கெட்டது ஒன்றும் இல்லை. கூர்க்கல், முள், மண்ணில் புதைந்து கிடக்கும் துருப்பிடித்த கம்பி, தகரம், இரும்புத் துண்டு ஆகியவையே அவற்றை முடித்தன. ஆகவே எமது பகுதிக்கு ரயர் தெரிவுசெய்பவர் முதலில் பக்கச்சுவரின் பலத்தையும், அடுத்துக் கிரவலில் கட்டைகள் பெயராமல் நிற்குமா என்பதையும், அதற்குப் பிறகே சேற்றில் பிடிக்குமா என்பதையும் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

நெடுஞ்சாலை ரயரைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. தாரில் சத்தமின்றி ஓடும். மழை நனைத்த காப்பெற் வீதியில் மூன்றிலும் நன்றாக நின்று பிடிக்கும். டீசலும் குறைவாகவே செலவாகும். ஆனால் அதன் ஒடுங்கிய பள்ளங்கள் முதல் வாய்க்கால் ஓரத்திலேயே களியால் நிரம்பி, நான்கு சில்லுகளும் வழுவழுப்பான உருளைகளாகிவிடும். கிளிநொச்சி, வவுனியா நகரங்களுக்குள்ளும் ஏ9 வீதியிலும் ஓடி, எப்போதாவது ஒரு கிரவல் வீதியில் இறங்குபவருக்கு இதுவே போதும். அவர் இதற்கு மேல் செலவழிப்பது வீண்.

சேற்று ரயர் விரிவாகப் பேச வேண்டிய ஒன்று. அதன் கட்டைகள் பெரியவை, இடைவெளிகள் அகலமானவை. புதிதில் அந்தப் பள்ளங்கள் 13 முதல் 15 மில்லிமீற்றர் வரை ஆழமாக இருக்கும். சில்லு வேகமாகச் சுழலும்போது இடையில் சிக்கிய சேறு வெளியே வீசப்பட்டு, கட்டைகள் மறுபடி புதிய மண்ணைக் கடிக்கின்றன. இவ்வகையின் முழு நுட்பமும் இவ்வளவுதான். உழவு இயந்திரத்தின் பின்சில்லில் சரிந்த வரிக்கட்டைகள் ஓரப்பக்கம் திறந்திருப்பதும் இதே காரணத்துக்காகவே. மழையில் ஊறிய செம்மண் கிரவல் வீதிகளில், அதாவது மேலே சவர்க்காரம் போன்ற மெல்லிய படையும் அதற்குக் கீழே இறுகிய தளமும் உள்ள இடங்களில், எம்.ரி ரயர் தந்த நம்பிக்கையை வேறெதுவும் எனக்குத் தரவில்லை. உழவு இயந்திரங்கள் பெட்டியோடு போய் ஆழமாகக் கிழித்துவிட்ட தடங்களில்கூட அதன் தோள்பகுதிக் கட்டைகள் சுவரைப் பிடித்து ஏறின.

ஆனால் மாசி பிறந்ததும் அந்த மதிப்புக் குறையத் தொடங்கியது. காய்ந்த கிரவலில் பெரிய கட்டைகளின் முனைகள் சிறு சிறு துண்டுகளாகப் பெயர்ந்தன. அகன்ற இடைவெளிகளில் சிக்கிய கற்கள் ஒவ்வொரு சுற்றிலும் சற்று உள்ளே தள்ளப்பட்டு அடித்தளத்தைத் துளைக்கப் பார்த்தன. மாலையில் கான்களைக் கழுவும் நேரத்தில் ஒரு பையன் இருந்து அக்கற்களைக் கிண்டி எடுப்பது வழக்கமாயிற்று. தாரில் இரைச்சல் ஆரம்பத்தில் பொறுக்கும்படியாக இருந்தாலும், கட்டைகள் ஏற்றத்தாழ்வாகத் தேயத் தேயக் கூடிக்கொண்டே போயிற்று. இவற்றைவிட என்னை அதிகம் உறுத்தியது நனைந்த தார் வீதியில் அதன் நடத்தை. தரையைத் தொடும் றப்பர் குறைவு, நீரை வெட்டும் நுண்கீறல்களும் குறைவு என்பதால், பிரேக் பிடித்தபின் வாகனம் நிற்க எடுக்கும் தூரம் நீள்கிறது. மாரியில் மாடுகள் ஈரத்துக்கு விலகி வீதியில் வந்து படுக்கும் எமது பகுதியில் இது சிறிய குறை அன்று.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: எல்லாச் சேறும் ஒரே சேறு அல்ல. மன்னார் மாவட்டத்தில் முருங்கன், நானாட்டான் பக்கத்துக் கருங்களி மண் நனைந்தால் ஊதிப் பெருக்கும், காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். அது ரயரில் ஒட்டினால் எந்த வேகத்தில் சுழற்றினாலும் விழாது. படை படையாகத் திரண்டு மட்காட்டுக்குள் இறுகிச் சில்லையே நிறுத்திவிடும். அங்கே வயல் செய்யும் என் மைத்துனர், எனது எம்.ரி ரயர்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “அத்தான், இந்த மண்ணுக்கு ரயர் சரிவராது, ரெண்டு நாள் வெயில்தான் வேணும்” என்றார். அவர் சொன்னது சரி. முல்லைத்தீவு, அளம்பில், நாயாற்றுக் கரையோர மணலில் நிலைமை நேர்மாறானது. அங்கே ஆழமான கட்டைகள் சில்லைக் கீழே தோண்டி இறக்குகின்றன. தேய்ந்த சாதாரண ரயர், காற்றைக் குறைத்தால், புதிய சேற்று ரயரைவிட இலகுவாக மணலில் மிதந்து போகிறது. குளத்தின் உட்புற வண்டலைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை: அடியில் இறுகிய தளம் இல்லாத இடத்தில் எந்த ரயரும் உதவாது, இரும்புச்சில்லுப் பூட்டிய உழவு இயந்திரத்தைத் தேடிப் போக வேண்டியதுதான்.

இப்போது ஓடுவது ஏ.ரி ரயர்களில், அதுவும் இலகு வணிக வாகனங்களுக்கு உரிய வலுவான பக்கச்சுவர் கொண்ட வகையில். இந்த வேறுபாட்டைக் கடைக்காரர் பெரும்பாலும் சொல்லமாட்டார். ரயரின் பக்கத்தில் உள்ள எழுத்தை நாமே வாசிக்க வேண்டும். 265/70 ஆர் 16 (265 மில்லிமீற்றர் அகலம், அதில் 70 சதவீதம் பக்கச்சுவர் உயரம், 16 அங்குல றிம்) என்ற ஒரே அளவில், 112 என்ற சுமைச் சுட்டெண் உள்ள ரயர் 1120 கிலோகிராம் தாங்கும். 121 என்று உள்ள ரயர் 1450 கிலோகிராம் தாங்கும். இரண்டாவதில் 10 பிளை என்று குறித்திருப்பார்கள். உள்ளே பத்துப் படைகள் இருப்பதாக அதற்குப் பொருளில்லை. பழைய பருத்தி நூல் காலத்துக் கணக்கில் அதற்குச் சமமான பலம் என்பதே பொருள். பலமான ரயர் பாரமானது, சுமை இல்லாதபோது முதுகை உலுக்கும், அதே சுமைக்குச் சற்றுக் கூடிய காற்றும் கேட்கும். இருந்தாலும் விடத்தல் முள்ளும் சூரை முள்ளும் தடத்தின் இருபுறமும் நீட்டிக்கொண்டிருக்கும் காட்டோரப் பாதையில் அதன் அருமை தெரியும். மிதிக்கும் பரப்பில் முள்ளோ ஆணியோ ஏறினால் றப்பர் திரி செருகி அரைமணி நேரத்தில் புறப்பட்டுவிடலாம். பக்கச்சுவர் வெட்டுப்பட்டால் அந்த ரயர் அத்துடன் முடிந்தது.

சேற்றில் ஏ.ரி ரயர் எம்.ரி ரயரோடு போட்டியிட முடியாது என்பதை மறைக்கவில்லை. அந்த இடைவெளியின் பெரும்பகுதியை நான் காற்றால் நிரப்புகிறேன். தாரில் 32 பீ.எஸ்.ஐ (காற்றழுத்த அலகு) வைத்து ஓடும் ரயரை, சுமை அதிகம் இல்லாத நேரத்தில் 20 அளவுக்கு இறக்கினால், தரையைத் தொடும் பரப்பு முக்கியமாக நீளவாக்கில் கூடுகிறது. ரயர் மேடுபள்ளத்தோடு வளைந்து, ஒட்டிய களியையும் உதறிவிடுகிறது. அந்த நிலையில் மெதுவாக மட்டுமே ஓட வேண்டும், சடுதியாகத் திருப்பக்கூடாது. 15இற்குக் கீழே இறக்கினால் ரயரின் விளிம்பு றிம்மை விட்டுக் கழலும் ஆபத்து உண்டு, இடையில் சேறு புகுந்தால் காற்று நிற்காது. தார் வீதிக்கு ஏறும் முன் மறுபடி நிரப்பாவிட்டால் ரயர் சூடேறி உள்ளிருந்தே கெடும். ஆதலால் பற்றரியில் பூட்டும் சிறிய கொம்பிரசரும் நம்பகமான அழுத்தமானியும் இல்லாதவருக்கு இந்த வழி சரிவராது. எம்.ரி வாங்க ஒதுக்கிய பணத்தில் ஏ.ரி வாங்கி, மிஞ்சுவதற்குக் கொம்பிரசர் வாங்குவது என்னைக் கேட்டால் நல்ல கணக்கு.

அகலமான ரயர்தான் சேற்றுக்கு நல்லது என்ற எண்ணம் எமது பகுதியில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அடியில் இறுகிய கிரவல் இருக்கும் வீதியில் ஒடுங்கிய ரயரே மேற்படையை அறுத்துக்கொண்டு தளத்தைத் தொடும். அகன்றது மேலேயே வழுக்கிக்கொண்டு நிற்கும். பழைய லாண்ட் றோவர்கள் ஒடுங்கிய ரயரோடு போகாத காடா? தோற்றத்துக்காக அளவைக் கூட்டுபவர் வேறு சிலவற்றையும் கவனிக்க வேண்டும். 245/70 ஆர் 16இன் விட்டம் ஏறத்தாழ 749 மில்லிமீற்றர். 265/70 ஆர் 16இன் விட்டம் 777. மாற்றிப் பூட்டினால் வேகமானி 80 காட்டும்போது வாகனம் 83இல் ஓடும். திருப்பும்போது மட்காட்டில் உராயவும்கூடும், களி ஒட்டினால் நிச்சயம் உராயும்.

பணம் போதாமையால் பின்சில்லுகளுக்கு மட்டும் புதிய சேற்று ரயர் பூட்டும் வழக்கத்தைப் பலரிடம் காண்கிறேன். நான்கு சில்லிலும் இழுவை உள்ள வாகனத்தில் முன்னும் பின்னும் சுற்றளவு வேறுபட்டால், இறுகிய தரையில் இழுவையைப் போட்ட மாத்திரத்தில் கியர்ப் பெட்டித் தொகுதி முறுகும். அந்தத் திருத்தச் செலவில் ஒரு சோடி ரயர் வாங்கலாம். பின்சில்லில் மட்டும் இழுவை உள்ள வாகனத்தில் அந்த ஆபத்து இல்லையென்றாலும், பின்பக்கம் தள்ள, வழுவழுத்த முன்சில்லுகள் திரும்ப மறுத்து, வாகனம் நேராக வாய்க்காலுக்குள் போகும். மாரியில் முத்தையன்கட்டு வாய்க்கால் வீதிகளில் இது அரிய காட்சி அன்று.

வாங்கும்போது உற்பத்தித் திகதியைப் பார்க்காமல் பணத்தைக் கொடுக்க வேண்டாம். டி.ஓ.ரி என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள் அதைச் சொல்லும்: 2321 என்றால் 2021ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். 2022இல் ரூபாய் வீழ்ந்து விலைகள் ஏறியபின் சில கடைகளில் பழைய இருப்பு நெடுநாள் கிடந்தது. பளபளப்பாகத் துடைத்து வைத்திருப்பதால் வயது கண்ணுக்குத் தெரியாது. பக்கத்தில் எம்+எஸ் என்ற குறி இருந்தால் சேற்றுக்குப் பரிசோதித்த ரயர் என்று சிலர் சொல்லி விற்பார்கள். அது பள்ளங்களின் அமைப்பைப் பார்த்து உற்பத்தியாளரே இடும் குறி. சாதாரண ரயர்களிலும் அதைக் காணலாம்.

எந்த ரயரைப் பூட்டினாலும் ஒரு பழக்கத்தை மட்டும் வைத்துக்கொள்ளக்கூடாது. தடத்தில் சேறு ஆழமாகத் தெரிந்தால் பக்கத்துப் பற்றைக்குள் இறங்கிச் சுற்றிப் போவது வேறு மாவட்டங்களில் சாதாரணமாக இருக்கலாம். வன்னியின் சில பகுதிகளில் கண்ணிவெடி அகற்றும் பணி இன்னும் முடியவில்லை. சிவப்புப் பலகை உள்ள இடமென்றால் புதைந்தாலும் தடத்திலேயே புதைவதுதான் முறை.

பராமரிப்பில் இரண்டு விடயங்களே எனக்குப் பயன் தந்தன. ஏறத்தாழ 8,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை சில்லுகளை இடம் மாற்றுவது ஒன்று. கிரவலில் ஓடும் ஏ.ரி, எம்.ரி ரயர்களுக்கு இதைப் பின்போட்டால் இரைச்சலும் ஏற்றத்தாழ்வான தேய்வும் திரும்பச் சரியாகாது. மற்றது உதிரிச் சில்லு. அதே அளவில், அதே வகையில் ஒன்று இருக்க வேண்டும் என்பதோடு, அது எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். தொழிற்சாலையிலிருந்து வரும்போது அது பின்பெட்டிக்குக் கீழே சங்கிலியில் தொங்கும். அந்தச் சங்கிலிப் பொறி ஒவ்வொரு மாரியிலும் சேறு குடித்துத் துருவேறி இறுகிவிடும். அச்சுவரை புதைந்து நிற்கும் வாகனத்தின் அடியில் புகுந்து அதை இறக்கவும் முடியாது. நான் அதைக் கழற்றி, பெட்டிக்குள் கான்களுக்கு முன்னால் நிமிர்த்திக் கட்டியிருக்கிறேன். ஒரு கானுக்கான இடம் போகிறது.