படபடப்புச் சுபாவம் உள்ளவருக்கு எந்த மாஸ்க்?

ஒரே வயது, ஒரே உடற்கட்டு உள்ள இருவருக்கு, வேலையிடத்தில் கெட்ட காற்றிலிருந்து காக்கும் முழுமுக மாஸ்க் மாட்டிப் படியேற விடுங்கள். ஒருவர் ஏறி முடிப்பார். மற்றவரின் கை மூன்றாம் மாடியிலேயே மாஸ்க் வாரைத் தேடும். அவருடைய நுரையீரலில் குறை ஒன்றும் இருக்காது. அமெரிக்காவில் உளவியல் ஆய்வாளர் வில்லியம் மோர்கன் 1980களில் இதைத்தான் ஆராய்ந்தார். பதற்றத்தை அளக்க உளவியலாளர் ஸ்பீல்பெர்கர் உருவாக்கிய 20 கேள்விப் பட்டியலில் இயல்பிலேயே பதற்றம் கூடியவர்களாகத் தெரிந்தவர்கள், மாஸ்க்கோடு கடுமையாக உழைக்கும்போது திணறும் வாய்ப்பு அதிகம் என்று கண்டார்.

சூட்சுமம் மூச்சின் அளவில் இருக்கிறது. நிதானமாக நிமிடத்துக்கு 12 முறை, அரை லிட்டர் வீதம் இழுத்தால் 6 லிட்டர். பதறி 24 முறை, கால் லிட்டர் வீதம் இழுத்தாலும் அதே 6 லிட்டர்தான். ஆனால் ஒவ்வொரு மூச்சிலும் சுமார் 150 மில்லி தொண்டையிலும் குழாயிலுமே நின்றுவிடும். அப்படியானால் உள்ளே போய்ச் சேர்வது நிதானக்காரருக்கு 4.2 லிட்டர், பதறியவருக்கு வெறும் 2.4 லிட்டர். மாஸ்க்குக்குள் தேங்கும் காற்று இதை இன்னும் மோசமாக்கும்.

இனி கருவிகள். வடிகட்டி மாஸ்க் எடை குறைவு, விலையும் குறைவு. ஆனால் ஒவ்வொரு மூச்சையும் நாமே வலிந்து இழுக்க வேண்டும். படபடப்புக்காரருக்கு அந்த இழுவையே 'மூச்சு முட்டுகிறது' என்ற பயத்தைக் கிளப்பிவிடும். வடிகட்டியோடு பேட்டரி விசிறியும் வைத்த மாஸ்க் அந்தச் சுமையைப் பெரும்பாலும் நீக்கிவிடுகிறது. முகத்தில் காற்றுப்படுவதே பெரிய ஆறுதல். இரைச்சல் உண்டு, சார்ஜ் தீரும். இருந்தாலும் பெயின்ட் பூத், மருந்துத் தொழிற்சாலை போன்ற இடங்களில் பதற்றமுள்ளவருக்கு நான் கேட்டு வாங்கித் தருவது இதைத்தான்.

ஆக்ஸிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே போகும் இடத்தில் இந்த இரண்டுமே உயிருக்கு ஆபத்து. புகைக்குள் நுழையும் தீயணைப்பு வீரருக்கு முதுகில் சிலிண்டர்தான் வழி. அதில் காற்று தானாக வரும், ஆனால் இருப்பு அளவோடுதான். 300 பார் அழுத்தத்தில் 6.8 லிட்டர் சிலிண்டரில் இருப்பது ஏறக்குறைய 2000 லிட்டர். நிமிடத்துக்கு 40 லிட்டர் என்றால் 50 நிமிடம். பதறி 65 லிட்டர் இழுத்தால் அரை மணி நேரம்தான். எச்சரிக்கை விசில் அதற்கும் முன்பே ஊதிவிடும். கூட்டாளியும் அவரோடு சேர்ந்து வெளியே வந்தாக வேண்டும்.

அதற்காகக் கேள்வித்தாளை வைத்து ஆளைக் கழிப்பது எனக்கு உடன்பாடில்லை. அதிக மதிப்பெண் வந்தவருக்குப் பயிற்சிக்குக் கூடுதல் நாட்கள் கொடுங்கள். முதல் நாள் மாஸ்க்கோடு சும்மா உட்கார்ந்திருக்கட்டும். பிறகு நடை, பிறகு படி, கடைசியில் இருட்டறை. வெளிமூச்சை நீளமாக விடச் சொல்லி, பக்கத்தில் நின்று மாஸ்க் கண்ணாடி வழியே அவர் கண்ணைப் பாருங்கள். கண் படபடவென்று சிமிட்டுவது நின்ற பிறகு அடுத்த கட்டத்துக்குப் போகலாம்.