கண்புரை ஆபரேஷனுக்கு முன் கண்ணை அளக்க எது நல்லது: ஏ-ஸ்கேனா, ஆப்டிகல் பயோமீட்டரா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டத்து நகரத்தில் கண் கிளினிக் வைத்திருப்பவர்கள், சீனியர் டெக்னீஷியன்களான எங்களிடம் கேட்பது ஒன்றுதான்: 'ஆப்டிகல் மெஷின் வாங்கியாச்சு, பழைய ஏ-ஸ்கேனைத் தள்ளிவிடலாமா?' தள்ளிவிடாதீர்கள். ஆப்டிகல் கண்ணை ஒளியால் அளக்கும், ஏ-ஸ்கேன் ஒலியால் அளக்கும்.

புரையை எடுத்த பிறகு உள்ளே வைக்கும் லென்ஸின் பவரை முக்கியமாக இரண்டு அளவுகள்தான் முடிவு செய்கின்றன, கருவிழியின் வளைவும் கண்ணின் நீளமும். நீளம் சராசரியாக 23.5 மில்லிமீட்டர், அதில் 1 மில்லிமீட்டர் தவறினால் லென்ஸ் பவர் ஏறக்குறைய 2.5 டயாப்டர் (பவரை அளக்கும் அலகு) தவறிப்போகும். 20 மில்லிமீட்டர் உள்ள சின்னக் கண் என்றால் இன்னும் மோசம், 3.75 வரை போகும். டாக்டர் எவ்வளவு அழகாக ஆபரேஷன் செய்தாலும் நாம் கொடுத்த நம்பர் தப்பாக இருந்தால் பாட்டிக்கு பஸ் நம்பர் தெரியாது.

ஆப்டிகலின் அருமையை நான் மறுக்கவில்லை. 1999இல் ஸைஸ் கம்பெனியின் ஐஓஎல் மாஸ்டர் வந்ததிலிருந்து இந்த வேலையே மாறிவிட்டது. கண்ணைத் தொட வேண்டாம், மரத்துப்போகும் சொட்டு மருந்து வேண்டாம், தாடையை வைத்து உள்ளே தெரியும் வெளிச்சத்தைப் பார்த்தால் நீளமும் வளைவும் ஒன்றாக வந்துவிடும். நேற்று வேலைக்குச் சேர்ந்தவர் அளந்தாலும் நான் அளந்தாலும் கிட்டத்தட்ட ஒரே நம்பர்தான். விழித்திரை ஆபரேஷனில் சிலிகோன் எண்ணெய் நிரப்பிய கண்ணுக்கும் ஒளிதான் பாதுகாப்பு, ஏனென்றால் சாதாரணமாகக் கண்ணுக்குள் இருக்கும் நீர்மத்தில் நொடிக்கு 1532 மீட்டர் போகும் ஒலி அந்த எண்ணெயில் 980 மீட்டர்தான் போகும், அதை ஏ-ஸ்கேனில் மாற்றி வைக்காவிட்டால் கண் இருப்பதைவிட நீளமாகத் தெரியும்.

சரி, நம் கிளினிக்குக்கு வருவது யார்? பால்மரம் சீவியே வயதானவர்கள், செம்பனைக் குலை வெட்டியவர்கள். ஒரு கண் போனாலும் மறு கண்ணை வைத்துச் சமாளித்து, அதுவும் மங்கிய பிறகுதான் மகளோ பேரனோ கூட்டி வருகிறார்கள். புரை வெள்ளையாக முற்றியிருக்கும். 'வெளிச்சத்தைப் பாருங்க பாட்டி' என்றால், 'எங்க தம்பி இருக்கு?' என்பார்கள். ஒளி உள்ளே போகாது, மெஷின் அளவு தராது. ஸ்வெப்ட் சோர்ஸ் என்ற புதிய வகை ஆப்டிகல் மெஷின்கள் இன்னும் கெட்டியான புரையையும் தாண்டுகின்றன, ஆனாலும் எல்லாவற்றையும் அல்ல. ஒலிக்கு அந்தத் தடை இல்லை. அளக்க மட்டும் ஈப்போ நகரத்துக்கு அனுப்பினால் கூட வரும் பிள்ளைக்கு ஒரு நாள் சம்பளம் போகும், அப்புறம் பாட்டி 'வேணாம் விடு' என்று வீட்டிலேயே இருந்துவிடுவார்.

ஆனால் ஏ-ஸ்கேன் என்றாலே ஒன்றல்ல. ஒலியை அனுப்பும் புரோப்பை நேராகக் கருவிழியில் வைத்து அளப்பது ஒரு முறை, கிண்ணம் வைத்து உப்புநீர் ஊற்றி, கருவிழியைத் தொடாமல் அளக்கும் இமர்ஷன் இன்னொன்று. முதல் முறையில் கை கொஞ்சம் அழுத்தினாலே கண் 0.1 முதல் 0.3 மில்லிமீட்டர் வரை குட்டையாகிவிடும். மெஷின் தேவைக்கு மேல் பவரைச் சொல்லும், ஆபரேஷனுக்குப் பிறகு கிட்டப்பார்வை வந்து நிற்கும். அதனால் நான் இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது இமர்ஷன்தான், நேரம் கூடினாலும் பரவாயில்லை. நம்பரை நம்புவதற்கு முன் திரையைப் பார்க்கச் சொல்வேன்: விழித்திரையின் கோடு செங்குத்தாக எழ வேண்டும், அதற்குப் பின்னால் ஸ்கிளீராவும் (கண்ணின் வெள்ளை வெளிச்சுவர்) கண்ணுக்குப் பின்னால் உள்ள கொழுப்பும் தெரிய வேண்டும். ஸ்கிளீரா கோடே இல்லையென்றால் புரோப் பார்வை நரம்பை நோக்கி இருக்கிறது, அந்த அளவைத் தூக்கிப் போட வேண்டியதுதான். இரண்டு கண்ணுக்கும் 0.3 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் மறுபடி அளக்க வேண்டும்.

வளைவை ஏ-ஸ்கேன் அளக்காது, அதற்கு கெரட்டோமீட்டர் என்ற தனி மெஷின் வேண்டும். அதையோ ஆப்டிகலையோ கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. வெயிலிலேயே உழைத்தவர்களுக்குக் கண்ணில் சதை வளர்ந்து கருவிழியைத் தட்டையாக்கியிருக்கும், முதலில் அதை டாக்டரிடம் சொல்லுங்கள். ஏ-ஸ்கேன் செய்வதாக இருந்தால் வளைவை முதலில் எடுத்துவிடுங்கள், சொட்டு மருந்தும் புரோப்பும் பட்ட கருவிழி சரியான வளைவைக் காட்டாது.

இரண்டையும் வாங்கப் பணம் இருந்தால் ஆப்டிகல் முதலில், அது தோற்கும் கண்ணுக்கு இமர்ஷன். ஒன்றுக்குத்தான் பணம் என்றால், இந்த ஊரில் நான் இமர்ஷன் கிண்ணத்தோடு ஒரு நல்ல ஏ-ஸ்கேனும் கெரட்டோமீட்டரும்தான் கேட்பேன். வேகம் குறைவு, கையும் பழக வேண்டும், ஆனால் புரை முற்றியது என்று யாரையும் அளக்காமல் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. எந்த மெஷினில், எந்த முறையில் அளந்தோம் என்பதை கார்டில் கட்டாயம் எழுதுங்கள், ஏனென்றால் தொட்டு அளந்த நீளத்துக்கு ஒரு ஏ-கான்ஸ்டண்ட் (லென்ஸ் பவரைக் கணக்கிட அந்தந்த லென்ஸுக்குத் தரும் எண்), ஒளியால் அளந்ததற்கு வேறு, அதை டாக்டர் ஊகித்துக்கொள்ளும்படி விடக்கூடாது.