ஜூனிபர் ஆயில்: பெர்ரி எடுக்கலாமா, சீடர்வுட் எடுக்கலாமா?

ஜூனிபர் ஆயில்னு தேடினா பெர்ரி, வர்ஜீனியா சீடர்வுட், கேட் (cade)னு மூணு பாட்டில் வந்து நிக்கும், மூணுமே ஜூனிபர் வகை மரந்தான், ஆனா ஒண்ணு இல்லேன்னா இன்னொண்ணுனு மாத்தி வாங்கிடாதீங்க.

அரோமாதெரபில, அதாவது வாசனை எண்ணெய் வைத்தியத்துல, ஜூனிபர்னா பெர்ரிதான், ஜூனிபெரஸ் கம்யூனிஸ். பெர்ரினு சொன்னாலும் அது பழமே இல்ல, சதைப்பிடிப்பான கூம்பு, பச்சை மாறி கருநீலமா ஆக ரெண்டு மூணு வருஷம் ஆகும், அதை நீராவில காய்ச்சி எண்ணெய் எடுக்கிறாங்க. ஜின்ங்கிற மதுவுக்கு வாசனை வர்றது இதே பெர்ரியாலதான். இந்த எண்ணெய்ல அதிகமா இருக்கிறது ஆல்ஃபா பைனீன்ங்கிற வாசனைப் பொருள். ஒரு பேப்பர் துண்டுல ஒரு சொட்டு விட்டு மோந்து பாருங்க, முதல்ல பைன் மரக்காடு மாதிரி சில்லுனு வரும், பின்னாடியே லேசா மிளகுக் காரம், ஆனா சீக்கிரமே அடங்கிடும். காலைல டிஃப்யூசர்ல (வாசனையை அறை முழுக்கப் பரப்புற கருவி) போட என்னைக் கேட்டா இதான்.

சீடர்வுட் ஜூனிபெரஸ் வர்ஜீனியானாவோட கட்டைல இருந்து வருது. பென்சில் சீவினா வர்ற அதே வாசனை, அந்தக் காலத்துப் பென்சிலே இந்த மரத்துலதான் செஞ்சாங்க. மறுநாள் காலைலயும் பேப்பர்ல மணம் நிக்கும், அதனால ராத்திரிக்கு நான் இதைத்தான் போடுவேன்.

கேட் ஆயில் கட்டையைக் கருக்கி எடுக்கிறது, தார் மாதிரி புகை நாத்தம், வீட்டு டிஃப்யூசருக்கு வேணவே வேணாம்.

பெர்ரில ஒரு பெரிய மைனஸ், காத்து பட்டா பைனீன் கெட்டுப்போகும், கெட்டதைத் தோல்ல தடவினா அலர்ஜி வரலாம். என்கிட்ட பாதி பாட்டில் ரொம்ப நாள் கிடந்து டர்பன்டைன் மாதிரி அடிக்க ஆரம்பிச்சிச்சு, அது தெரிஞ்சும் கைல தடவிட்டு ரெண்டு நாள் அரிப்போட கஷ்டப்பட்டேன். சீடர்வுட் இவ்ளோ சீக்கிரம் கெடாது.

மசாஜுக்கு எதுவா இருந்தாலும் 30 மில்லி தேங்காய் எண்ணெய்க்கோ நல்லெண்ணெய்க்கோ 10, 12 சொட்டு போதும், நேரா தோல்ல வேணாம். குளிக்கிற தண்ணில அப்படியே விட்டா கரையாம மேல மிதந்து தோலைச் சுடும்.

பெர்ரி ஆயில் கிட்னியைக் கழுவும், நச்சை வெளியேத்தும்னு சொல்றதை நம்பி தயவுசெஞ்சு குடிச்சிடாதீங்க. கர்ப்பமா இருக்கிறவங்க, கிட்னி பிரச்சனை இருக்கிறவங்க டாக்டர்கிட்ட கேட்காம தொடவே வேணாம். பெர்ரி வாங்கினா சின்ன பாட்டிலா வாங்குங்க, திறந்த தேதியை மேல எழுதி ஃப்ரிட்ஜ்ல வைங்க.