வெள்ளவத்தையில் நாள் வாடகைக்கு ஃபிளாட் எடுக்கப் போகிறீர்களா? முதலில் இதை வாசியுங்கள்

போன ஓகஸ்டில் மகளின் கலியாணம். ரொறொன்ரோவிலிருந்து அக்கா குடும்பம் ஏழு பேர் வந்தார்கள். எங்களுடையது கொழும்பு வெள்ளவத்தையில் இரண்டு அறை ஃபிளாட். கலியாணச் சாமான்களே ஓர் அறையை அடைத்துவிட்டன. நடந்து போகும் தூரத்தில் சமையலறையோடு ஒரு ஃபிளாட்டை ஆறு இரவுக்கு எடுத்துக் கொடுப்போம் என்று நினைத்தோம். ஹோட்டல் வேண்டாம் என்றது அக்காதான். "பிள்ளைக்குப் பால் காய்ச்ச வேணும், அத்தானுக்கு விடிய இடியப்பம் வேணும், ஹோட்டலிலை எப்பிடியடா தம்பி?" என்றார். நியாயமான பேச்சு.

காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் நடுவிலுள்ள ஒழுங்கைகளில் இப்படி நாள் வாடகைக்கு விடும் வீடுகள் எத்தனையோ இருக்கின்றன. வெளிநாட்டிலிருந்து கலியாணத்துக்கும் செத்த வீட்டுக்கும் கோயில் திருவிழாவுக்கும் வருகிற எங்கள் சனத்தை நம்பியே நடக்கிற தொழில் அது. தெரிந்தவர் ஒருவர் வாட்ஸ்அப்பில் படங்கள் அனுப்பினார். மூன்று அறை, மூன்றிலும் ஏசி, நீலத் திரைச்சீலை, பளிச்சென்ற சமையலறை, 'கடல் காட்சி'. இரவுக்கு 28,000 ரூபாய், கரண்ட் தனி. கலியாண சீசனில் இது மோசமில்லை என்று நினைத்தேன். வீட்டைப் பார்த்துக்கொள்கிற தம்பியோடு கதைத்தேன். முப்பது வயது இருக்கும், நல்ல மரியாதையான பிள்ளை.

"சமைக்கலாம்தானே தம்பி?"

"ஓம் அண்ணை, எல்லாம் இருக்கு."

"பிளைட் விடியப்புறம்தான் வரும்."

"எந்த நேரமும் வரலாம் அண்ணை, நான் நிப்பன்."

இந்த இரண்டு வசனத்தை நம்பித்தான் பாதிப் பணம் 84,000 ரூபாயை அனுப்பினேன். வங்கிக் கணக்கு ஒரு பெண்ணின் பெயரில் இருந்தது. கேட்டதற்கு "அது எங்கட மாமி" என்றார். சரி என்று விட்டுவிட்டேன். அந்த இடத்திலேயே கொஞ்சம் நின்று யோசித்திருக்க வேண்டும். இன்னொன்றையும் காதில் வாங்காமல் விட்டேன்: "கீழை செக்யூரிட்டி கேட்டால் ஓனரின்ர சொந்தக்காரர் எண்டு சொல்லுங்கோ." யாராவது உங்களிடம் இப்படிச் சொன்னால் அந்த வீட்டைத் தொடாதீர்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

24ஆம் திகதி விடிய 2.40க்கு பிளைட் இறங்கியது. கட்டுநாயக்கவிலிருந்து வானில் ஏற்றி ஐந்தேகாலுக்கு ஒழுங்கைக்கு வந்துவிட்டோம். நிற்பேன் என்ற தம்பி நிற்கவில்லை. போன் எடுத்தால் மணி அடித்தது, அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. அக்காவின் மாமியார் சூட்கேசின் மேல் உட்கார்ந்துவிட்டார். பதினொரு மாதப் பிள்ளை அழுகை. அக்காவின் இளைய மகனுக்கு மட்டும் கவலையே இல்லை. மின்மானிப் பெட்டிகள் வரிசையாக இருந்த சுவருக்கு அருகில் ஒரு பூனை தூங்கிக்கொண்டிருந்தது, அதைப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். அந்தப் பூனைக்கு நான் பிறகு நன்றி சொல்ல வேண்டி வந்தது.

ஆறரைக்குத் தம்பி வந்தார். திறப்பு கையில் இருந்தது, ஆனால் தரவில்லை. செக்-இன் பகல் இரண்டு மணிக்காம். அதற்கு முன் உள்ளே போனால் முந்தைய இரவும் கணக்காம். "எந்த நேரமும் வரலாம் எண்டு சொன்னீங்களே?" என்றேன். "வரலாம் அண்ணை, அதுக்குக் காசு இருக்கு" என்றார், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். இருபது மணித்தியாலத்துக்கு மேல் பயணம் செய்து வந்த ஆட்களை ரோட்டில் வைத்துக்கொண்டு யார் பேரம் பேசுவது? பாதி இரவுக் கணக்கில் 14,000 கொடுத்தேன். இரண்டு மணி விதி பிழை என்று சொல்ல மாட்டேன், முதல் நாள் ஆட்கள் போய் வீடு துப்புரவாக்க நேரம் வேண்டும்தான். அதை முதலே சொல்லாததுதான் பிழை. வெளிநாட்டு பிளைட்டுகள் பலவும் நடுச்சாமத்திலும் விடியப்புறமும்தான் வருகின்றன என்று இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியாதா? அதனால் கேட்கும்போது 'எத்தனை மணிக்கு வரலாம்' என்று கேட்காதீர்கள். '24ஆம் திகதி விடிய 5 மணிக்கு உள்ளே வருவோம், 23ஆம் திகதி இரவுக்குக் காசு உண்டா இல்லையா' என்று திகதி போட்டுக் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

உள்ளே போனதும் மிச்சக் காசு 84,000, அதோடு 'உடைவுக்கு' முற்பணம் 50,000. போகும்போது திரும்பத் தருவாராம். பிறகு தலைகளை எண்ணினார். ஆறு பேருக்குத்தான் வீடு, ஏழாவது ஆளுக்கு இரவுக்கு 3,000. ஏழாவது ஆள் யார்? பதினொரு மாதப் பிள்ளை! கட்டில் கேட்கவில்லை, சோறு கேட்கவில்லை, தாயின் மடியில் கிடக்கிற பிள்ளைக்கு ஆறு இரவுக்கு 18,000. அத்தான் சண்டைக்கு எழும்பினார். அக்கா கையைப் பிடித்து இருத்தினார். கலியாண வீட்டுக்கு வந்த இடத்தில் சச்சரவு வேண்டாமாம்.

அந்த 'கடல் காட்சி', சமையலறை ஜன்னலால் இடுப்பு வரை வெளியே சாய்ந்தால் தெரியும். கடலுக்கு முன்னால் ரயில் பாதை. ரயில் போகும் ஒவ்வொரு தடவையும் ஜன்னல் கண்ணாடி கிடுகிடுக்கும். அது வெள்ளவத்தை, அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் சமையலறை! 'எல்லாம் இருக்கு' என்பதன் அர்த்தம் இது: ஒரு ரைஸ் குக்கர், இரண்டு சட்டி, வெட்டாத ஒரு கத்தி, ஆறு தேத்தண்ணிக் கோப்பை. இடியப்ப உரலும் இல்லை, தட்டும் இல்லை, தேங்காய் துருவ வழியும் இல்லை. எல்லாம் எங்கள் வீட்டிலிருந்து ஓட்டோவில் போனது. இரண்டாம் நாள் விடியப் பிள்ளைக்குப் பால் காய்ச்சும்போது காஸ் முடிந்தது. "காஸ் உங்கட பொறுப்பு அண்ணை." புது சிலிண்டர் வாங்கிப் பூட்டினேன். அதில் பாதிக்கு மேல் அங்கேயே விட்டுவிட்டு வந்தோம். வெற்றுச் சிலிண்டரின் நிறை அதன் கழுத்துப் பட்டியில் அடித்திருக்கும். திறப்பை வாங்கும்போதே சிலிண்டரை ஒருக்காத் தூக்கிப் பாருங்கள், கைக்கே விளங்கும்.

அதோடு விட்டாலும் பரவாயில்லை. கலியாணத்துக்கு மூன்று நாள் முன் பலகாரச் சூடு வைத்தோம். எங்கள் வீட்டில் இடமில்லை, இங்கே பெரிய சமையலறை இருக்கிறதே என்று பெரியம்மா, சித்தி, ஒன்றுவிட்ட சகோதரிகள் எல்லாம் பயற்றம் மாவோடும் எண்ணெய்த் தாச்சியோடும் வந்து இறங்கினார்கள். முதல் ஈடு பயற்றம் பணியாரம் எண்ணெயில் மிதந்து பொன்னிறமாகத் திரும்புகிற நேரம் கதவு மணி அடித்தது. தம்பி. நேரே உள்ளே வந்து சமையலறை அலுமாரியின் கதவைத் திறந்தார். உள்பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. முழுக்க ஆங்கிலம், பொடி எழுத்து, 23 விதிகள். 14ஆவது: எண்ணெயில் பொரிக்கக் கூடாது. 15ஆவது: மீன், இறைச்சி சமைக்கக் கூடாது. 19ஆவது: வெளியாட்கள் நான்கு பேருக்கு மேல் வரக் கூடாது, வந்தவர்கள் இரவு எட்டு மணிக்குள் போய்விட வேண்டும். சமைக்கிற வீடு என்று வாடகைக்கு விட்டுவிட்டு, சமைக்கக் கூடாது என்பதை அலுமாரிக்குள் ஒட்டி வைத்திருக்கிறார்கள். பெரியம்மாவுக்கு வயது 78. தாச்சியை இறக்கி வைத்துவிட்டு, "அப்ப இந்த அடுப்பு என்னத்துக்கு, தீபம் காட்டவோ?" என்று கேட்டார். தம்பியிடம் பதில் இல்லை. மிச்ச மாவை அள்ளிக்கொண்டு எங்கள் வீட்டு ஒற்றை அடுப்புக்கு ஓடினோம். பொரித்து முடிய இரவு ஒரு மணி.

கலியாணம் நல்லபடி நடந்தது, அதை விடுங்கள். 30ஆம் திகதிதான் பெரிய கூத்து. சாயந்தரம் வான் கீழே நிற்கிறது, சூட்கேசுகள் ஏறியாகிவிட்டன, அந்த நேரத்தில் கணக்கை நீட்டுகிறார். கரண்ட் 412 யூனிட், யூனிட்டுக்கு 100 ரூபாய்ப்படி 41,200. படுக்கை விரிப்பில் மஞ்சள் கறை, 15,000. உடைந்த சட்டி மூடி 6,000. துப்புரவு 8,000. மொத்தம் 70,200. முற்பணம் போக இன்னும் 20,200 தர வேண்டுமாம். இதற்கு மேல் அறை வாடகைக்கு 18 வீத வற் வரி வேறு, 30,240. வற் என்றதும்தான் எனக்குத் தெரிந்த துறைக்கு வந்தார். நான் முப்பது வருடம் கணக்குப் பிரிவில் வேலை செய்தவன். "வற் பதிவு இலக்கத்தோட பில் தாங்கோ, உடனே கட்டுறன்" என்றேன். பதிவு செய்யாதவர் வற் அறவிட முடியாது. அந்தக் கதை அதோடு நின்றது.

கரண்டுக்கு வருவோம். ஒரு சாதாரண படுக்கையறை ஏசி மணிக்கு ஒரு யூனிட் அளவில் இழுக்கும், ஒரேயடியாக ஓடினாலும். மூன்று ஏசி, இரவுக்குப் பத்து மணித்தியாலம், ஆறு இரவு என்றாலும் 180. சுடுதண்ணி, பிரிட்ஜ் எல்லாம் சேர்த்து 200ஐச் சுற்றி வரலாம். 412 எங்கிருந்து வந்தது? வந்த அன்று மானி 17,989 என்று தன் கொப்பியில் எழுதியிருந்ததைக் காட்டினார். இப்போது 18,401. நாங்கள் அன்று மானியைப் பார்க்கவே இல்லை, என்ன சொல்வது?

அப்போதுதான் அக்காவின் இளைய மகன் போனை நீட்டினான். பூனைப் படம். பூனையின் முதுகுக்கு மேலே எங்கள் ஃபிளாட் இலக்கம் ஒட்டிய மானி, அதில் 18,204, படத்தின் நேரம் 24ஆம் திகதி விடிய 5.52. கழித்தால் 197 யூனிட். தம்பி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார், சிறிதாக்கிப் பார்த்தார், பிறகு 41,200ஐ வெட்டி 19,700 என்று எழுதினார். அதன்படி மொத்தம் 48,700, எங்களுக்கு வர வேண்டியது 1,300 ரூபாய். "பின்னேரம் போட்டுவிடுறன் அண்ணை." இன்றுவரை வரவில்லை. இரண்டாம் நாள் என் இலக்கத்தைத் தடை செய்துவிட்டார். விரிப்பு, மூடி, துப்புரவு என்று பிடித்த 29,000க்கு ஒரு துண்டுப் பற்றுச்சீட்டும் இல்லை. 168,000க்குப் பேசிய வீட்டுக்கு 250,000 கொடுத்திருக்கிறேன், காஸ் தவிர்த்து.

விடக் கூடாது என்று திரும்ப அந்தக் கட்டடத்துக்குப் போனேன். செக்யூரிட்டி ஐயா பாவம், உண்மையைச் சொன்னார். அந்தக் கட்டடத்தில் நாள் வாடகைக்கு விட நிர்வாகக் குழு அனுமதிப்பதில்லை. உரிமையாளர் அவுஸ்திரேலியாவில். இந்தத் தம்பி மாத வாடகைக்கு எடுத்து, அவருக்குத் தெரியாமல் நாள் கணக்கில் விடுகிறார். சொந்தக்காரர் என்று சொல்லச் சொன்னது இதற்குத்தான். அந்த ஆறு நாளில் யாராவது முறைப்பாடு செய்திருந்தால், கலியாணத்துக்கு முதல் நாள் எங்களை வெளியே போகச் சொல்லியிருக்கலாம். நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977க்கு அழைத்து விசாரித்தேன். முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும், சேவை பெற்று மூன்று மாதத்துக்குள். ஆறப்போட்டால் காலம் போய்விடும். கொடுத்திருக்கிறேன். ஆனால் என் கையில் இருந்தவை ஒரு வங்கிச் சீட்டும் பூனைப் படமும்தான். பேசியதெல்லாம் வாய்ப் பேச்சு. சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையில் ஹோட்டல்கள் மட்டுமல்ல, வாடகை வீடு, வாடகை ஃபிளாட் எல்லாவற்றுக்கும் பதிவு முறை இருக்கிறது. 1912க்கு அழைத்துக் கேட்கலாம். காசு அனுப்ப முன் பதிவு இலக்கம் என்ன என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தம்பி அன்றே வழுக்கியிருப்பார்.

எல்லாரும் இப்படி என்று சொல்ல வரவில்லை. அத்தானின் தம்பி குடும்பம் அதே நாட்களில் தெஹிவளையில் தங்கியது. அங்கே வீட்டுக்கார அம்மா காசு வாங்க முன்னமே விதிகளைத் தமிழில் எழுதி அனுப்பியிருந்தார், மீன் பொரித்தால் ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்பது உட்பட. வந்த அன்று அவரே மானிக்கு முன்னால் நின்று படம் எடுக்கச் சொன்னாராம்.

போன கிழமை மனைவியின் சிநேகிதி டிசம்பருக்கு வீடு தேடுகிறார் என்று சில படங்களை அனுப்பினார். அதே நீலத் திரைச்சீலை. ஒழுங்கையின் பெயர் வேறு, கணக்கு இன்னொரு பெண்ணின் பெயரில், வாடகை இப்போது 32,000. மனைவியின் போனிலிருந்து அழைத்து, ஸ்பீக்கரில் போட்டு, பிளைட் விடிய மூன்று மணிக்கு என்று சொல்ல வைத்தேன்.

"எந்த நேரமும் வரலாம் அக்கா, நான் நிப்பன்" என்றார்.