வயிற்றுக்குள் வைக்கும் பேக்லோஃபென் பம்ப்: வைக்கும் முன் ரீஃபில் செய்யும் இடத்தை விசாரியுங்கள்

கால் விறைப்பைத் தளர்த்தும் பேக்லோஃபென் மருந்தைச் செலுத்த வயிற்றுக்குள் பம்ப் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டு எனக்கு அடிக்கடி போன் வருகிறது. பெரும்பாலும் மகனுக்கோ மனைவிக்கோ கேட்கிறவர்கள். ஒவ்வொருவரிடமும் பாதி சொல்லிப் பாதி விட்டுப்போகிறது, அதனால் முழுசாக எழுதிவிடுகிறேன். பம்ப் நல்ல பொருள். நான் வைத்துச் சில வருஷம் ஆகிறது, இன்றைக்குக் கேட்டாலும் வைத்துக்கொள்ளத்தான் சொல்வேன். ஆனால் எந்தக் கம்பெனி, என்ன விலை என்று கேட்பதற்கு முன்னால், வைத்த பிறகு அதில் மருந்து நிரப்பப் போவது யார், எந்த ஊரில், மருந்து அவர்களிடம் எப்போதும் இருப்பு இருக்குமா, ராத்திரி கூப்பிட்டால் போனை எடுப்பார்களா என்று கேளுங்கள். ஆபரேஷன் ஒரே நாளில் முடிந்துவிடும், ரீஃபில்தான் ஆயுசுக்கும்.

நாங்கள் வெள்ளகோவில் பக்கம், வீட்டை ஒட்டியே விசைத்தறி ஓடுகிறது. பைக்கில் பின்னால் உட்கார்ந்து போகும்போது விபத்து, நடு முதுகில் தண்டுவடம் அடிபட்டது. கால் வராது என்றால் அது சும்மா கிடக்கும் என்றுதான் வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். அப்படிக் கிடந்தால் பரவாயில்லையே. மேலிருந்து வரும் கட்டளை அறுந்துபோவதால் கீழே இருக்கிற தசையெல்லாம் தன் இஷ்டத்துக்கு இறுகும். போர்வை உரசினால் போதும், இரண்டு காலும் கத்தரிக்கோல் மாதிரி பின்னிக்கொண்டு விறைத்து நிற்கும், சக்கர நாற்காலியில் இருந்தால் இடுப்பு முன்னால் வழுக்கி வந்துவிடும். சிவன்மலைக்குக் காரில் ஏறினால் ஒவ்வொரு வளைவுக்கும் கால் எகிறி முன் சீட்டை உதைக்கும், சாமி கும்பிடப் போவதையே நிறுத்தியிருந்தோம். இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். தினமும் காலையில் என்னைக் கழுவிவிட வரும் அத்தைக்குத் தொடையைப் பிரிக்க முடியாமல், ஒரு கையால் முட்டியை அமுக்கிப் பிடித்து மறு கையால் துடைத்து, மூச்சு வாங்க நிற்பார். அறுபது தாண்டிய மனுஷி. அதைப் பார்த்துத்தான் ஏதாவது செய்தே ஆகவேண்டும் என்று முடிவு பண்ணினேன்.

பேக்லோஃபென் மாத்திரை சாப்பிடாமல் இல்லை. மாத்திரையில் பிரச்சினை என்னவென்றால் அது ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கச் சுற்றுகிறது, தண்டுவடத்தைச் சுற்றியிருக்கும் நீருக்குள் கொஞ்சம்தான் போய்ச் சேருகிறது. விறைப்பு அடங்கும் அளவுக்கு ஏற்றினால் தலை கிறுகிறுத்து, நாக்குக் குழறி, தறிக் கணக்கு எழுத உட்கார்ந்தால் கூட்டல் வராது. பம்ப் அதே மருந்தை ஒரு மெல்லிய குழாய் வழியாக நேராகத் தண்டுவட நீருக்குள் சொட்டுச் சொட்டாக விடுகிறது. மாத்திரையாகச் சாப்பிட்டால் ஒரு நாளைக்கு 80 மில்லிகிராம் வரை போவார்கள், பம்பில் பலருக்குச் சில நூறு மைக்ரோகிராமே போதும். ஒரு மில்லிகிராம் என்பது ஆயிரம் மைக்ரோகிராம், கணக்குப் போட்டுப் பாருங்கள். புதுசாக வந்த பரிசோதனை முறையோ என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துவார்கள். சிகாகோவில் ரிச்சர்ட் பென் என்ற நரம்பியல் அறுவை மருத்துவர் 1984-லேயே இப்படி மருந்து செலுத்தி எழுதிவிட்டார். அமெரிக்க மருந்துத் துறை தண்டுவடப் பாதிப்பால் வரும் விறைப்புக்கு 1992-லும், மூளைப் பாதிப்பால் வருவதற்கு 1996-லும் அனுமதி கொடுத்தது. பெருமூளை வாதம் இருக்கும் பிள்ளைகளுக்கும் வைக்கிறார்கள்.

எடுத்தவுடன் பம்ப் வைக்க மாட்டார்கள். முதலில் ஒரு சோதனை ஊசி. முதுகில் ஊசி போட்டு 50 மைக்ரோகிராம் மருந்தைத் தண்டுவட நீருக்குள் விட்டு, சில மணி நேரம் பக்கத்திலேயே இருந்து, முட்டியை மடக்கி நீட்டி விறைப்புக்கு மார்க் போடுகிறார்கள். அசையவில்லை என்றால் அடுத்த நாள் 75, அதற்கும் மேலே 100. எனக்கு முதல் ஊசியிலேயே தெரிந்துவிட்டது. பிசியோதெரபித் தம்பி குதிகாலைப் பிடித்துத் தூக்கினான், முட்டி எந்த மல்லுக்கும் நிற்காமல் மடங்கியது. அத்தை எட்டி வந்து தானும் ஒரு முறை மடக்கிப் பார்த்தார். பிறகு இரண்டு தொடையையும் மெதுவாகப் பிரித்துப் பார்த்துவிட்டு, "ஏனுங்க டாக்டரு, இது இப்பிடியே இருக்குமுங்களா?" என்று கேட்டார். இருக்காது, சாயங்காலத்துக்குள் பழையபடி இறுகிவிடும், அதற்குத்தான் பம்ப் என்றார் டாக்டர். அவர் சொன்னபடியே சாயங்காலம் திரும்பி வந்தது. ஆனாலும் அந்தச் சோதனையைத் தவிர்த்துவிட்டு நேராக வைக்கலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், லட்சக்கணக்கில் செலவு செய்யப் போகிறோம், நமக்கு வேலை செய்கிறதா என்று முதலில் தெரிய வேண்டும்.

பம்ப் வட்டமாக, டைட்டானியத்தில், உள்ளங்கையில் அடங்குகிற அளவு. 20 மில்லி, 40 மில்லி என்று இரண்டு அளவு உண்டு. பெரியது என்றால் ரீஃபிலுக்கு இடைவெளி கூடும், ஆனால் ஒல்லியாக இருப்பவர்களுக்கு வெளியே துருத்தும். இதில் பெண்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும், எந்த டாக்டரும் தானாகக் கேட்க மாட்டார். ஆபரேஷனுக்கு முன்னால் வயிற்றில் பேனாவால் குறி வைப்பார்கள். அதைப் படுக்க வைத்துக் குறிக்க விடாதீர்கள். நாற்காலியில் உட்கார்ந்து, தினமும் கட்டுகிற இடத்தில் பாவாடை நாடாவைக் கட்டிக்கொண்டு, காரில் எந்தப் பக்கம் உட்காருவீர்கள், பெல்ட் எங்கே அழுத்தும் என்று காட்டிக் குறிக்கச் சொல்லுங்கள். எங்கள் ஆஸ்பத்திரி நர்ஸ் அக்கா ஒருவர்தான் இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தார். நாடா பம்பின் விளிம்பில் நாள் முழுக்க உரசினால் தோல் சிவந்து புண்ணாகும், அந்த இடத்தில் உணர்ச்சி இல்லாதவர்களுக்குப் புண் வந்ததே தெரியாது.

வைத்த உடனே எல்லாம் சரியாகிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். குறைந்த அளவில் ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார்கள், அது மாதக்கணக்கில் போகும். ஒரு கட்டத்தில் எனக்கு அளவு கூடிப்போய்க் கால் ஒரேயடியாகத் தளர்ந்துவிட்டது. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறும்போது அந்த விறைப்பை ஊன்றித்தான் நான் ஒரு நொடி நிற்பேன், அதுவும் போனால் இரண்டு பேர் தூக்க வேண்டும். விறைப்பு முழுக்கப் போவது எல்லோருக்கும் நல்லதில்லை. எந்த வேலைக்கு அந்த விறைப்பு உதவுகிறது என்று டாக்டரிடம் சொல்லுங்கள். பம்பை வெளியிலிருந்தே கருவி வைத்து மாற்றி அமைக்கலாம், பகலில் ஒரு அளவு, ராத்திரி ஒரு அளவு என்றுகூடப் போடலாம். எனக்கு இப்போது ராத்திரிக்குக் கூட்டி, காலையில் எழுந்து மாறும் நேரத்துக்குக் குறைத்து வைத்திருக்கிறார்கள். தூங்குகிறேன். என் வீட்டுக்காரரும் தூங்குகிறார்.

இனி ரீஃபில். வெள்ளகோவிலிலிருந்து காங்கயம், பல்லடம், சூலூர் வழியாகக் கோயம்புத்தூர். வேலை என்னவோ சின்ன வேலைதான். வயிற்றைச் சுத்தம் பண்ணி, பம்பின் மேல் ஓர் அச்சுத் தகட்டை வைத்து, நடுவிலிருக்கும் ரப்பர் வாய் எங்கே என்று பார்த்து ஊசியை இறக்குகிறார்கள். முதலில் மீதியிருக்கும் பழைய மருந்தை உறிஞ்சி எடுத்து அளக்க வேண்டும். இதைக் கண் எடுக்காமல் பாருங்கள். உள்ளே இவ்வளவு மீதி இருக்கும் என்று கருவி ஒரு கணக்குச் சொல்லும், ஊசியில் வந்த அளவு அதோடு ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும். நிறைய வித்தியாசம் இருந்தால் பம்பிலோ குழாயிலோ ஏதோ கோளாறு. அப்புறம் புது மருந்து. அதன் வீரியம் போன தடவை மாதிரியேதானா என்று வாய்விட்டுக் கேளுங்கள். மில்லிக்கு 500 மைக்ரோகிராமும் உண்டு, 2000-மும் உண்டு, மாறினால் கருவியிலும் மாற்ற வேண்டும். நான் ஒவ்வொரு முறையும் குப்பியின் லேபிளைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்கிறேன். கடைசியில் அடுத்த தேதியைத் தாளில் அச்சடித்துத் தருவார்கள். அந்தத் தேதி கல்யாணத் தேதியைவிட முக்கியம். மருந்து எவ்வளவு மீதமிருந்தாலும் ஆறு மாதத்துக்கு மேல் உள்ளே வைக்கக் கூடாது.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், ஆஸ்பத்திரிப் பெயர் வேண்டாம். தேதிக்குப் போனோம், மருந்து வரவில்லை, அடுத்த வாரம் வாருங்கள் என்றார்கள். முன்கூட்டியே போன் பண்ணி உறுதி செய்துகொண்டுதான் போயிருந்தோம். வேறு இடத்தில் கேட்டுப் பார்க்கவும் அவர்கள் முயலவில்லை. வீட்டுக்கு வந்த சில நாளில் கையிலும் கழுத்திலும் நமைச்சல் எடுத்தது, ஆனால் தடிப்பு எதுவும் இல்லை. ராத்திரி கால் பழையபடி இறுகியது, பழையதைவிட மோசமாக, கூடவே காய்ச்சல், வேர்வை, பேச்சும் முன்னும் பின்னுமாக ஆகிவிட்டதாம். பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் சேர்த்தால் சிறுநீர்த் தொற்று என்று சொல்லி குளுக்கோஸ் ஏற்றிக் காய்ச்சல் மாத்திரை கொடுத்தார்கள். என் வீட்டுக்காரர் பம்ப் கார்டை எடுத்துக் காட்டிவிட்டு, பம்ப் வைத்த டாக்டருக்கே போன் போட்டு டூட்டி டாக்டர் கையில் கொடுத்தார். "காய்ச்சலை அப்புறம் பார்க்கலாமுங்க, முதல்ல பேக்லோஃபென் மாத்திரை கொடுங்க, கொடுத்துட்டு உடனே வண்டியில ஏத்துங்க" என்றார் அவர். மருந்து கையிருப்பு இருந்த வேறொரு ஆஸ்பத்திரியில் நிரப்பித்தான் மீண்டேன். தண்டுவடத்துக்குப் போகும் மருந்து திடீரென்று நின்றால் உயிருக்கே ஆபத்து, தசை சிதைந்து சிறுநீரகம் வரை பாதிக்கும். நமைச்சல், கூடும் விறைப்பு, காய்ச்சல், குழப்பம் இவை சேர்ந்து வந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. பேக்லோஃபென் மாத்திரை வீட்டில் எப்போதும் இருக்க வேண்டும், எவ்வளவு எப்போது என்று உங்கள் டாக்டரிடம் எழுதி வாங்கிக் கதவுக்குப் பின்னால் ஒட்டி வையுங்கள். தலைகீழாக, அதிகத் தூக்கம், மூச்சு மந்தம், உடம்பு துவண்டு போவது என்றால் மருந்து கூடிவிட்டது, அதற்கும் உடனே ஓட வேண்டும்.

பம்புக்கு அலாரம் உண்டு. மருந்து குறைந்தால் ஒரு சத்தம், நின்றே போனால் வேறு சத்தம். ஆனால் தோலுக்கு அடியிலிருந்து வருவது, மேலே சேலை வேறு, தறி ஓடுகிற வீட்டில் எங்கே கேட்கும்? சாப்பாட்டு நேரத்தில் தறியை நிறுத்தும்போது அத்தை பக்கத்தில் வந்து உட்கார்ந்து காது கொடுப்பார், அது பழக்கமாகிவிட்டது. அலாரம் எப்படி ஒலிக்கும் என்று ஆஸ்பத்திரியில் ஒரு தடவை ஓட விட்டுக் காட்டச் சொல்லி, போனில் பதிவு பண்ணி, வீட்டில் எல்லோருக்கும் கேட்க வையுங்கள்.

பிசியோதெரபிக்குப் போனால் பம்ப் இருக்கிறது என்று முதலில் சொல்லுங்கள், டயத்தெர்மி என்னும் சூட்டுக் கருவியைக் கிட்டக் கொண்டுவரவே கூடாது. எம்.ஆர்.ஐ. எடுக்கலாம், ஆனால் காந்தத்தில் பம்ப் தற்காலிகமாக நிற்கும், வெளியே வந்ததும் திரும்ப ஓடுகிறதா என்று கருவி வைத்துப் பார்க்க வேண்டும், அந்தக் கருவி இல்லாத ஊரில் எடுக்காதீர்கள். இன்னொன்று, விறைப்பு திடீரென்று கூடினால் உடனே அளவை ஏற்றச் சொல்லாதீர்கள். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், படுக்கைப் புண், கால் நகம் உள்ளே வளர்வது, எதுவானாலும் நம் உடம்பு விறைப்பாகத்தான் சொல்லும். அதைப் பார்த்து, பம்பையும் குழாயையும் பார்த்து, அப்புறம்தான் அளவு. குழாய் மடங்குவதும் விலகுவதும் நடக்கிற விஷயம்தான்.

பணம். பம்ப், ஆபரேஷன் எல்லாம் சேர்த்து லட்சக்கணக்கில் ஆகும், எங்களுக்குத் தறி இரண்டு விற்றுத்தான் முடிந்தது. ரீஃபில் மருந்துச் செலவு தனி. பாட்டரியை மட்டும் மாற்ற முடியாது, ஏறக்குறைய ஏழு வருஷத்துக்குள் பம்பையே எடுத்துவிட்டுப் புதுசு வைக்க வேண்டும், குழாய் நன்றாக இருந்தால் அதையே வைத்துக்கொள்வார்கள். இதைச் சொல்லாமல் விற்கிறவர்களும் உண்டு. அதற்காக நாங்கள் இப்போதே தனியாக ஒரு மாதச் சீட்டுப் போட்டு வருகிறோம். ரீஃபிலுக்கு அழைத்துப்போக ஆளும் வண்டியும் நிச்சயமில்லாத வீடு என்றால், எவ்வளவு விறைப்பு இருந்தாலும், அந்த ஏற்பாட்டை முதலில் முடித்துவிட்டு வையுங்கள். சிறுநீர்த் தொற்றோ புண்ணோ இருக்கும்போதும் அவசரப்பட வேண்டாம், கிருமி பம்ப் வரை போனால் எல்லாவற்றையும் வெளியே எடுக்க நேரும்.

கரூர், தாராபுரம், ஈரோடு பக்கம் எங்காவது இந்த ரீஃபிலைத் தொடர்ந்து செய்து, குப்பியும் இருப்பு வைத்திருக்கும் இடம் தெரிந்தால் சொல்லுங்கள். கோயம்புத்தூர் வரை போய்வருகிற எங்கள் மாதிரி வீடுகள் இந்தச் சாலையில் இன்னும் சில இருக்கின்றன.